கடலூர், புதுச்சேரிப் பதிவுகளும் சுட்டிக் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் தமிழில் எழுதும் வலைப்பதிவர்களைக் கணக்கெடுக்கலாம் என்று நான் உட்கார்ந்தபோது கையில் இருந்தது ஒரு பட்டியலும் ஒரு எக்செல் தாளும்தான். யார் யாருடைய பதிவுக்குச் சுட்டி (லிங்க்) கொடுக்கிறார்கள், யாரை அதிகம் பேர் படிக்கிறார்கள், இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்க ஆசை. அதைப் பற்றிப் பதிவர்களும் கல்லூரி மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒரே இடத்தில் வைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணக்கை விளக்குவதற்காக நடுநடுவே போட்டிருக்கும் சின்ன எண்கள் வெறும் உதாரணம். அவற்றை ஆய்வு முடிவாக எடுத்துக்கொண்டு யாரும் எங்கேயும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

மனசுக்குப் பிடித்து எழுதுகிறோம். அதைப் போய் ஏன் எண்ண வேண்டும்?

எண்ணாமலே தீர்ப்பு சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம். "இப்போ யாருங்க பதிவு எழுதறாங்க", "கடலூர்க்காரங்களைச் சென்னைக்காரங்க கண்டுக்கவே மாட்டாங்க", "நாலு பேர் தங்களுக்குள்ளேயே சுட்டி கொடுத்துக்கறாங்க" என்ற மூன்றையும் நான் கேட்காத மாதம் கிடையாது. மூன்றுமே எண்ணிச் சரிபார்க்கக்கூடிய பேச்சு. எண்ணிப் பார்த்தால் ஒன்று உண்மையாகவும் இன்னொன்று பாதி உண்மையாகவும் வரலாம், அது வேறு விஷயம், ஆனால் எண்ணாமல் சொல்லும்போது காயப்படுவது எழுதுகிறவர்.

இது ஒன்றும் புதிய வேலையும் இல்லை. கொள்ளிடம் தாண்டினால் வரும் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து நூலகத் துறைக்கு வந்தவர். நூலக வேலைக்குப் புள்ளியியலைக் கொண்டுவர வேண்டும் என்று 1948-லேயே பேசி, அதற்கு லைப்ரமெட்ரி என்று பெயரும் வைத்தார். எந்த ஆய்வுக் கட்டுரை எதை மேற்கோள் காட்டுகிறது என்பதை வரிசைப்படுத்தி யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் மேற்கோள் அட்டவணை கொண்டுவந்தார். ஒரு கட்டுரை இன்னொன்றைச் சுட்டுவதும் ஒரு பதிவு இன்னொன்றைச் சுட்டுவதும் அமைப்பில் ஒன்றுதான். அந்தக் கணக்கு அப்படியே இங்கே வந்துவிடும்.

"நம்ம வட்டாரப் பதிவு" என்று எதைச் சொல்வது?

இதில்தான் பாதிச் சண்டை. கடலூரில் பஸ் ஏறினால் இருபது சொச்சம் கிலோமீட்டரில் புதுச்சேரி. ரெட்டிச்சாவடியில் வீடு வைத்துக்கொண்டு புதுச்சேரியில் வேலை பார்ப்பவர் எந்த ஊர்ப் பதிவர்? புதுச்சேரி ஒன்றியப் பிரதேசமே நான்கு துண்டு: புதுச்சேரி, காரைக்கால், கேரளத்தை ஒட்டிய மாகே, ஆந்திரத்தை ஒட்டிய ஏனாம். அதிலும் புதுச்சேரிப் பகுதி ஒரே நிலமாக இல்லை, தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே நுழைந்து நுழைந்து வருகிறது. நெய்வேலியில் எழுதுகிறவர் மதுரையில் பிறந்திருப்பார். சிதம்பரத்தில் படிக்க வந்த மாணவர் மூன்று வருஷம் எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார். பாரிஸில் இருந்துகொண்டு முத்தியால்பேட்டையைப் பற்றியே எழுதுகிறவரை எங்கே சேர்ப்பது?

மூன்று வழி உண்டு: இருக்கும் ஊர், பிறந்த ஊர், எழுதும் பொருள். எதை எடுத்தாலும் தப்பில்லை, ஆனால் தொடங்கும்போதே ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு கடைசிவரை மாற்றக் கூடாது. பதிவர் தன்னைப் பற்றிய குறிப்பில் ஊரைச் சொல்லியிருந்தால் சேர்த்துக்கொள்வது என்பது நான் வைத்துக்கொண்ட விதி. கணக்கு முடிந்ததும் "எழுதும் பொருள்" என்ற இன்னொரு விதியில் பட்டியலை மாற்றிப் போட்டு மறுபடி ஒருமுறை பாருங்கள். முடிவு இரண்டிலும் ஒரே மாதிரி வந்தால் நம்பலாம். தலைகீழாகப் போனால், நீங்கள் கண்டது வட்டாரத்தின் இயல்பு இல்லை, நீங்கள் போட்ட எல்லைக்கோட்டின் வேலை.

பட்டியலை எங்கிருந்து எடுப்பது?

முன்பு திரட்டிகள் இருந்தன, பல பதிவுகளில் புதிதாக வருவதை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் தளங்கள். 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் மாதிரி ஓர் இடத்தில் பெரும்பாலான பதிவுகள் பதிந்திருந்ததால் பட்டியல் எடுப்பது எளிது. இப்போது ஒருவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து அடுத்தவர் என்று சுட்டியைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. பனிப்பந்து முறை என்பார்கள். பனி விழாத நம்ம ஊரில் இதைக் கோலி உருண்டை உருட்டிச் சேர்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. சுட்டி வழியாகவே போனால், சுட்டி அதிகம் வாங்கியவர்தான் முதலில் கையில் சிக்குவார். யாருமே சுட்டாதவர் சிக்கவே மாட்டார். உங்கள் நண்பர்களுக்குச் சராசரியாக உங்களைவிட அதிக நண்பர்கள் இருப்பார்கள் என்று ஸ்காட் ஃபெல்டு என்ற சமூகவியலாளர் 1991-இல் காட்டினார். அதிக நட்பு உள்ளவர் பலருடைய பட்டியலிலும் இருப்பதால் அப்படி. நம்ம பட்டியலுக்கும் அதே கதிதான். அதனால் சுட்டியைத் தொடாத இன்னொரு வழியிலும் பதிவுகளைத் தேடிச் சேருங்கள். கெடிலம், தென்பெண்ணை, மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், வில்லியனூர், பாகூர் என்று ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயரை ஒவ்வொன்றாகத் தேடுபொறியில் போட்டாலே புதிதாகச் சில பதிவுகள் கிடைக்கும். சுட்டி வழி வந்தவையும் தேடி வந்தவையும் எத்தனை பொது என்று பார்த்தால், இன்னும் எவ்வளவு விட்டுப் போயிருக்கும் என்று மதிப்பிடவும் முடியும். குளத்தில் மீனைப் பிடித்து அடையாளம் போட்டு விட்டு, மறுபடி வலை வீசி அடையாளம் உள்ளது எத்தனை என்று பார்த்து மொத்த மீனைக் கணக்கிடுவார்களே, அதே வழி. முதல் வலையில் 40, இரண்டாவதில் 30, இரண்டிலும் பொது 20 என்றால் மொத்தம் சுமார் 40 × 30 ÷ 20 = 60. இரண்டு வழிகளும் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் இந்த எண் உண்மையைவிடக் குறைவாக வரும் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பதிவின் ஓரத்தில் ஓடும் ஹிட்ஸ் எண்ணை நம்பலாமா?

அப்படியே நம்ப வேண்டாம். தேடுபொறிகளின் தானியங்கிகள் வந்து போனாலும் சில எண்ணிகள் (வருகையை எண்ணிக் காட்டும் கருவிகள்) ஏறும். ஒரே ஆள் பத்து தடவை திறந்தாலும் ஏறும். பதிவுக்கு வராமலே புதியதை வாங்கிப் படிக்கும் ஓடை (ஆர்எஸ்எஸ்) வழியாகப் படித்தவர் பல சமயம் கணக்கிலேயே வரமாட்டார், அதற்கான கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்படும்வரை அப்படிப் படித்தவர்கள் ஏராளம். எண்ணியை இரண்டு வருஷம் கழித்து வைத்தவரை முதல்நாளே வைத்தவரோடு ஒப்பிடவும் முடியாது.

இணையதளங்களை வாசகர் வரவை வைத்து வரிசைப்படுத்திய அலெக்ஸா தரவரிசை பெரிதாகப் பேசப்பட்ட காலம் ஒன்று உண்டு. அது முக்கியமாக அவர்களுடைய கருவிப்பட்டையை நிறுவிக்கொண்டவர்களின் நடமாட்டத்தை வைத்துப் போட்ட வரிசை. ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ள இடங்களை அதிகம் நம்ப வேண்டாம் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள், நம்ம வட்டாரப் பதிவுகளெல்லாம் அதற்கு எவ்வளவோ கீழே. 2022 மே மாதம் அதுவும் மூடப்பட்டது. ஹிட்ஸ் எண்ணைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் ஒரே வகை எண்ணி, ஒரே மாதம், தனி வாசகர் எண்ணிக்கை என்று மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

எல்லாச் சுட்டியும் ஒரே சுட்டிதானா?

இல்லவே இல்லை. ஓரத்தில் "நான் படிப்பவை" என்று போடும் பட்டியல் ஒருமுறை போட்டால் போட்டதுதான், ஐந்து வருஷம் கழித்தும் அப்படியே கிடக்கும். இடுகைக்குள், அதாவது பதிவில் போடும் ஒரு தனிக் கட்டுரைக்குள், ஒரு வரியில் கொடுக்கும் சுட்டி அன்றைக்கு அவர் உண்மையிலேயே படித்தார் என்பதற்குச் சாட்சி. பின்னூட்டத்தில் தன் பெயரோடு விட்டுப்போகும் முகவரி வேறு வகை. தேடுபொறி எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று குறிக்கும் நோஃபாலோ அடையாளத்தைக் கூகுளும் யாகூவும் எம்எஸ்என்னும் 2005 ஜனவரியில் கொண்டுவந்ததே அந்த வகைக் குப்பையைச் சமாளிக்கத்தான்.

தமிழில் மட்டும் கூடுதலாக இரண்டு பார்க்க வேண்டும். ஒன்று தொடர் பதிவு. "பிடித்த பத்துப் பாடல்" என்று ஒருவர் எழுதிவிட்டு ஐந்து பேரை அழைப்பார், அந்த ஐந்து பேரும் அழைத்தவருக்குச் சுட்டி கொடுத்துவிட்டுத் தங்கள் பங்குக்கு ஐந்து பேரை அழைப்பார்கள். ஒரு வாரத்தில் சுட்டிகள் கொட்டும், ஆனால் அது யார் எழுத்து பிடிக்கும் என்பதைக் காட்டாது, யார் யாருக்குப் பழக்கம் என்பதைத்தான் காட்டும். இன்னொன்று வலைச்சரம் மாதிரி, வாரம் ஒருவர் ஆசிரியராக இருந்து மற்ற பதிவுகளை அறிமுகம் செய்த இடம். அங்கிருந்து வந்த சுட்டிகளைத் தனி நெடுவரிசையில் வையுங்கள். என் தாளில் ஒவ்வொரு சுட்டிக்கும் யார், யாருக்கு, என்று, எந்த வகை என நான்கு கட்டம் வைத்தேன். வகை என்ற கட்டம் இல்லாமல் தொடங்கியிருந்தால் மொத்தத்தையும் திரும்பச் செய்ய வேண்டியிருந்திருக்கும்.

எண்ணும்போது அதிகம் ஏமாற்றுவது எது?

முகவரி. 2012 முதல் சில வருடங்கள் இந்தியாவிலிருந்து திறந்தால் பிளாக்ஸ்பாட் பதிவுகள் டாட் காமிலிருந்து டாட் இன்னுக்குத் தானாகவே மாறின. சிங்கப்பூரில் திறந்தவருக்கு டாட் எஸ்ஜி. அவரவர் தங்கள் உலாவியில் தெரிந்ததை வெட்டி ஒட்டியதால், ஒரே பதிவுக்கு வந்த சுட்டிகள் மூன்று நான்கு முகவரிகளாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றாக்காமல் எண்ணினால் முதல் இடத்தில் இருக்க வேண்டியவர் ஏழாவது இடத்துக்குப் போய்விடுவார். செத்த சுட்டி என்று ஒன்றைத் தள்ளும் முன்னால் டாட் காம் போட்டு ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது எழுத்து. பதிவின் பெயரையோ ஒரு சொல்லையோ தேடி எண்ணுகிறீர்கள் என்றால் யூனிகோடில் "கொ" இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும்: கொம்புகால் ஒரே குறியாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஔகாரத்தில் சிறகுக்குப் பதில் "ள" எழுத்தைத் தட்டிவிடுபவர்களும் உண்டு. பழைய பதிவுகளில், யூனிகோடு பரவுமுன் தமிழுக்குப் பயன்பட்ட திஸ்கி குறியாக்கமும் கிடைக்கும். எண்ணத் தொடங்குமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் போடும் எந்த வரைபடத்தையும் நான் மதிக்க மாட்டேன்.

ஒரு பதிவுக்குச் சராசரியாக இத்தனை சுட்டி என்று சொன்னால் போதாதா?

போதாது, பல சமயம் அது தவறான படத்தையே கொடுக்கும். பத்துப் பதிவுகள், அவற்றுக்கு வந்த சுட்டிகள் 60, 20, 8, 4, 3, 2, 1, 1, 1, 0 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் நூறு, சராசரி பத்து. ஆனால் பத்தில் எட்டுப் பதிவுகள் சராசரிக்குக் கீழே! நடுவில் இருப்பவரின் எண்ணிக்கையான இடைநிலையைப் பார்த்தால் 2.5 தான். "நம்ம வட்டாரத்தில் ஒரு பதிவுக்குப் பத்துச் சுட்டி வருகிறது" என்று யாராவது எழுதினால் மூன்று சுட்டி வாங்கியவர் தன்னைத் தோற்றவர் என்று நினைத்துக்கொள்வார், உண்மையில் அவர் பாதிப் பேரைவிட மேலே இருக்கிறார்.

இந்தச் சாய்வு உலகம் முழுக்க உண்டு. 2003-இல் கிளே ஷெர்க்கி 433 ஆங்கிலப் பதிவுகளை எடுத்துப் பார்த்ததில் முதல் ஐம்பது பதிவுகளிடம் பாதிச் சுட்டிகள் இருந்தன. இப்படிச் சிலரிடம் மிக அதிகமும் பலரிடம் மிகக் குறைவுமாக இருக்கும் பரவலை அடுக்கு விதி (பவர் லா) என்பார்கள். இரண்டு அச்சிலும் மடக்கை எடுத்து வரைந்தால் நேர்கோடு மாதிரி இறங்கும். நேர்கோடு தெரிகிறதே, ஆகவே அடுக்கு விதிதான் என்று உடனே எழுதிவிடாதீர்கள். வேறு சில பரவல்களும் அப்படித்தான் தெரியும், முறையாகச் சோதித்த பிறகே சொல்ல வேண்டும் என்று கிளாசெட், ஷலிசி, நியூமன் மூவரும் 2009-இல் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். ஐம்பது அறுபது பதிவை வைத்துக்கொண்டு அடுக்கு விதியை நிரூபிக்க முடியாது. இடைநிலையையும், மேலே உள்ள பத்தில் ஒரு பங்கினரிடம் எத்தனை சதவீதச் சுட்டி என்பதையும் சொன்னால் நமக்குப் போதும்.

நன்றாக எழுதுகிறவருக்குத்தானே சுட்டி சேரும்?

ஓரளவுக்கு. ஏற்கெனவே சுட்டி உள்ளவருக்கே அடுத்த சுட்டியும் போகிறது என்பதை மேற்கோள்களை வைத்து டெரெக் டி சோலா பிரைஸ் 1965-லும் 1976-லும் எழுதினார். 1999-இல் பராபாசியும் ஆல்பெர்ட்டும் அதையே வலைப்பின்னல்களின் பொது விதியாக வைத்தார்கள். தெரிந்த பதிவைத்தானே சுட்ட முடியும், யாருடையது கண்ணில் படுகிறதோ அது தெரிந்ததாகிறது.

2006-இல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் வெளியிட்ட சோதனை இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. யாருக்கும் தெரியாத 48 பாடல்கள், பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள். சிலருக்குப் பாடல் மட்டும் காட்டப்பட்டது. மற்றவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எத்தனை பேர் எந்தப் பாடலை இறக்கினார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். எண் தெரிந்த உலகங்களில் ஏற்றத்தாழ்வு கூடியது, அதோடு ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்த பாடல் இன்னொன்றில் நடுவில் கிடந்தது. மிக நல்லவை அடிமட்டத்துக்குப் போகவில்லை, மிக மோசமானவை உச்சிக்கு வரவில்லை, நடுவில் இருந்தவற்றுக்கு எது வேண்டுமானாலும் நடந்தது. நம்ம வட்டாரத்தில் எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் அந்த நடுவில்தான் இருக்கிறோம். சுட்டி வரவில்லையே என்று எழுதுவதை நிறுத்திய இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும், அவர்களுக்கு இந்தச் சோதனையை முன்பே சொல்லாமல் போனேனே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

"மொய்க்கு மொய்" என்று சொல்கிறார்களே, அதை எண்ணால் காட்ட முடியுமா?

முடியும். கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதுகிறோம் இல்லையா, யார் எவ்வளவு வைத்தார் என்று பார்த்து அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பி வைப்பதற்கு. சுட்டிப் பட்டியலும் ஒரு மொய் நோட்டுதான். நான் உனக்கு, நீ எனக்கு. திரட்டியில் போடும் ஓட்டும் பின்னூட்டமும் கும்மியும் (பின்னூட்டத்தில் கூடி அடிக்கும் அரட்டை) கூட அப்படித்தான் ஓடின.

இருபது பதிவுகள் இருக்கின்றன, அவர்களுக்குள் 40 சுட்டிகள். ஒருவர் மற்ற 19 பேருக்கும் கொடுக்கலாம் என்பதால் மொத்தம் 20 × 19 = 380 சுட்டிகளுக்கு வாய்ப்பு உண்டு. ஆக, குருட்டாம்போக்கில் சுட்டிகள் விழுந்திருந்தால் ஒரு சுட்டிக்குப் பதில் சுட்டி இருக்க வாய்ப்பு 40-ஐ 380-ஆல் வகுத்தால் வருவதுதான், அதாவது நூற்றுக்குப் பத்து சொச்சம். எண்ணிப் பார்த்ததில் 40-இல் 30 சுட்டிகளுக்குப் பதில் சுட்டி இருந்தால் அது நூற்றுக்கு எழுபத்தைந்து. அந்தப் பத்துக்கும் இந்த எழுபத்தைந்துக்கும் இருக்கும் தூரம்தான் மொய்ப் பழக்கத்தின் அளவு.

இதைக் குற்றமாக எழுதாதீர்கள் என்பது என் வேண்டுகோள். சின்ன ஊரில் பத்துப் பேர் எழுதினால் ஒருவரை ஒருவர் படிப்பார்கள், படித்ததைச் சொல்வார்கள், அதில் என்ன தப்பு? மொய் இல்லாமல் எத்தனையோ கல்யாணம் நடந்திருக்காது. ஆனால் மொய்க் கணக்கை வைத்து யார் நல்ல எழுத்தாளர் என்று வரிசை போடக் கூடாது. வரிசை வேண்டும் என்றால் பதில் சுட்டி இல்லாத ஒருவழிச் சுட்டிகளை மட்டும் தனியாக எடுத்து எண்ணிப் பாருங்கள். திரும்பி வராது என்று தெரிந்தும் ஒருவர் கொடுத்த சுட்டி அது. இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் வட்டாரத்தின் முகம் தெரியத் தொடங்கும்.

பேஜ்ரேங்க் நம்ம அளவுக்குத் தேவையா?

தேவை என்றுதான் சொல்வேன், ஐம்பது பதிவுக்கும் அது பயன்படும். சுட்டிகளை வைத்துப் பக்கங்களுக்கு மதிப்பு போடும் முறை இது. 1998-இல் கூகுளை நிறுவிய பேஜும் பிரின்னும் வெளியிட்ட யோசனை எளிமையானது. ஒரு வாசகர் பதிவுக்குப் பதிவு சுட்டி வழியாகவே போய்க்கொண்டிருக்கிறார், நூற்றுக்கு 85 தடவை அந்தப் பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு சுட்டியைத் தொடுகிறார், 15 தடவை அலுத்துப்போய் எங்கேயாவது தாவுகிறார். இப்படியே சுற்றினால் எந்தப் பதிவில் எவ்வளவு நேரம் இருப்பார்? அந்தப் பங்குதான் மதிப்பு.

க, ச, த என்று மூன்று பதிவுகள். க இரண்டு பேருக்கும் சுட்டி கொடுக்கிறார், ச த-வுக்கு மட்டும், த க-வுக்கு மட்டும். கணக்குப் போட்டால் க 0.39, ச 0.21, த 0.40 என்று வரும். க-வுக்கும் ச-வுக்கும் வந்தது தலா ஒரே சுட்டி. ஆனால் க-வுக்குச் சுட்டியவர் வலுவானவர், அதோடு அவர் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. ச-வுக்கு வந்ததோ இரண்டாகப் பங்கு போட்ட ஒன்றில் பாதி. யார் சொன்னார், எத்தனை பேருக்கு நடுவில் சொன்னார் என்பதை நாம் வாழ்க்கையில் பார்ப்பதுபோலவே இதுவும் பார்க்கிறது.

இதோடு கிளைன்பெர்க் 1999-இல் வெளியிட்ட முறையையும் பாருங்கள். அது நல்ல பதிவு, நல்ல பதிவுகளைக் காட்டும் பதிவு என்று இரண்டு மதிப்பெண் கொடுக்கும். தான் அதிகம் எழுதாவிட்டாலும் வாராவாரம் மற்றவர்களுடையதைத் தேடித் தொகுத்துப் போடுபவருக்கு எந்த ஹிட்ஸ் வரிசையிலும் இடம் கிடையாது. இந்த முறையில் அவர் மேலே வருவார்.

குழு இருக்கிறதா இல்லையா என்று எப்படிச் சொல்வது?

உள்ளே போகும் சுட்டிக்கும் வெளியே போகும் சுட்டிக்கும் உள்ள விகிதம்தான் ஆதாரம். அமெரிக்காவின் 2004 தேர்தலையொட்டி அடமிக்கும் கிளான்ஸும் 1,494 அரசியல் பதிவுகளை எடுத்தார்கள். 759 ஒரு பக்கம், 735 எதிர்ப்பக்கம். சுட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று தங்கள் பக்கத்துக்குள்ளேயே நின்றன. நம்ம வட்டாரத்தில் கோடு அரசியலில்தான் விழும் என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். கவிதை எழுதுகிறவர்கள் ஒரு பக்கம், சமையல் ஒரு பக்கம், ஆன்மிகம் ஒரு பக்கம் என்று பிரியலாம், ஊரை வைத்துப் பிரியாமலே போகலாம். கணினி பிரித்துக் கொடுக்கும் குழுவுக்குப் பெயர் வைக்கும் முன் அதில் உள்ள பதிவுகளை உட்கார்ந்து படிக்க வேண்டும். படிக்காமல் பெயர் வைத்தால் அபாண்டம்.

சுட்டி அதிகம் உள்ள பதிவைத்தான் அதிகம் பேர் படிக்கிறார்களா?

இரண்டையும் எண்ணாக வைத்து ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) பார்க்காதீர்கள், ஒரே ஒரு பெரிய பதிவு மொத்தக் கணக்கையும் இழுத்துவிடும். வரிசையாக மாற்றிக்கொண்டு ஸ்பியர்மன் தர ஒட்டுறவைப் போடுங்கள். வாசகர் வரிசை 1, 2, 3, 4, 5. அதே ஐவரின் சுட்டி வரிசை 2, 1, 5, 3, 4. வித்தியாசங்களின் வர்க்கத்தைக் கூட்டினால் 8. ஆறால் பெருக்கினால் 48, அதை 5 × 24 = 120-ஆல் வகுத்தால் 0.4, ஒன்றிலிருந்து கழித்தால் 0.6. சம்பந்தம் இருக்கிறது மாதிரித் தெரிகிறது, ஆனால் ஐந்தே பேரை வைத்துக்கொண்டு 0.6 என்பது தற்செயலாகவே வரக்கூடியது. ஐம்பது பேரில் 0.6 வந்தால் பேசலாம்.

எது எதற்குக் காரணம்?

இந்த எண் அதைச் சொல்லாது. சுட்டி வந்ததால் படித்தார்களா, படித்ததால் சுட்டினார்களா, இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது ஒன்றா? தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. அந்த மாதிரி நாட்களில் இங்கிருந்து நேரில் பார்த்து எழுதிய இடுகைக்கு வாசகரும் சுட்டியும் சேர்ந்தே ஏறும், காரணம் புயல். தேதியைப் பார்க்காமல் மொத்தக் கூட்டலை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. அதனால்தான் தேதிக்கு ஒரு கட்டம் வைக்கச் சொன்னேன்.

நம்மிடம் இருப்பதே அறுபது பதிவு. இதில் புள்ளியியல் செல்லுமா?

செல்லும், அடக்கமாகப் பேசினால். எளிய வழி கலைத்துப் பார்ப்பது. யார் எத்தனை கொடுத்தார், எத்தனை வாங்கினார் என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, யாருக்கு என்பதை மட்டும் சீட்டுக்கட்டு கலைப்பதுபோலக் கணினியில் ஆயிரம் தடவை கலையுங்கள். ஒவ்வொரு தடவையும் கடலூர்ப் பதிவுகள் தங்களுக்குள் கொடுத்துக்கொண்ட சுட்டி எத்தனை என்று எண்ணுங்கள். உண்மையான எண் அந்த ஆயிரத்தில் பெரும்பாலானவற்றைத் தாண்டி நின்றால் ஊர்ப்பாசம் உண்டு என்று எழுதலாம். நடுவில் விழுந்தால் "நாலு பேர் தங்களுக்குள்ளேயே" என்ற பேச்சை விட்டுவிட வேண்டியதுதான்.

என்ன மென்பொருள் வேண்டும்?

காசு செலவழிக்க வேண்டாம். எண்ணவும் வரிசைப்படுத்தவும் லிப்ரே ஆஃபீஸ் போதும். வலைப்பின்னலைப் படமாக வரைய கெஃபி, கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தால் பைத்தானில் நெட்வொர்க்எக்ஸ் அல்லது ஆர் மொழியில் ஐகிராஃப், எல்லாமே இலவசம். படம் அழகாக வந்துவிட்டதே என்று அதிலேயே முடிவு எடுக்காதீர்கள். அதே தரவை இன்னொரு அமைப்பில் வரைந்தால் நடுவில் இருந்தவர் ஓரத்துக்குப் போவார்.

ஒருவருடைய பதிவை அவரைக் கேட்காமல் எண்ணலாமா?

பொதுவில் வைத்த எழுத்தைப் படிக்கலாம், எண்ணலாம். ஆனால் புனைபெயரில் எழுதும் ஒருவரை அவருடைய சுட்டிகளையும் ஊரையும் வேலையையும் சேர்த்து இன்னார் என்று காட்டிவிடக் கூடாது, சின்ன ஊரில் அது மிக எளிதாக நடந்துவிடும். கடைசி இடங்களில் வருபவர்களின் பெயரையும் நான் வெளியிடுவதில்லை. தானியங்கி வைத்துப் பக்கங்களை எடுப்பதாக இருந்தால் ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே சில நொடிகள் விடுங்கள், வேண்டாம் என்று குறித்து வைத்திருந்தால் போகாதீர்கள்.

இப்போது எல்லாரும் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும்தானே சுட்டியைப் பகிர்கிறார்கள்?

ஆமாம், அந்தப் பகிர்வு வெளியே தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் போட்ட முகவரியைத் தொட்டு வருகிறவர், பதிவரின் புள்ளிவிவரத்தில் பல சமயம் "நேரடியாக வந்தவர்" என்றே விழுவார். ஆக இன்றைய இடுகைகளைச் சுட்டியை மட்டும் வைத்து 2009-ஆம் வருஷத்து இடுகைகளோடு ஒப்பிட்டு "ஆர்வம் செத்துப்போச்சு" என்று எழுதுவது சரியில்லை. பழைய காலத்துக்குச் சுட்டி, இந்தக் காலத்துக்குப் பதிவர்களே விருப்பப்பட்டுக் கொடுக்கும் வாசகர் எண்ணிக்கை என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மறைந்துபோன பழைய பக்கங்களை இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் தேடினால் பல கிடைக்கும்.

ஒரு சுட்டியும் வாங்காத பதிவுகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாமா?

கூடாது. பல மென்பொருள்கள் சுட்டிப் பட்டியலை மட்டும் வாங்கிக்கொள்வதால் அவர்கள் தாமாகவே விழுந்துவிடுவார்கள், நீங்களாகப் பதிவுகளின் முழுப் பட்டியலையும் தனியாகக் கொடுத்துச் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் சராசரி இறங்கும், படம் ஓரங்களில் தனிப்புள்ளிகளாகச் சிதறும். அப்படியே இருக்கட்டும். என் தாளில் பூச்சியம் விழுந்தவற்றை மட்டும் வடிகட்டி ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். தென்பெண்ணையில் தண்ணீர் வந்த நாட்களைத் தேதியோடு எழுதி வைத்த ஒருவர், மீனவர் வழக்கில் காற்றுகளின் பெயரைத் தொகுத்த ஒருவர், பாட்டி சொன்ன கதைகளை எந்த அலங்காரமும் இல்லாமல் போட்டுக்கொண்டே போன ஒருவர் அதில் இருந்தார்கள். மூவருக்கும் ஒரே மாலையில் பின்னூட்டம் போட்டேன். காற்றுப் பெயர் எழுதியவர் மறுநாளே பதில் எழுதி, விட்டுப்போன இரண்டு பெயர்களையும் சேர்த்துவிட்டார்.